கிட்ட வராத கோபுரம்

மறுபடியும் அதே பாத்திரக் கடை, வாசலில் அதே பித்தளை அண்டா, அண்டாவின் வயிற்றில் அதே நான், மாந்துளிர் நிறச் சேலையில், தலை சிறுத்து இடுப்பு பெருத்து, பக்கத்தில் புத்தகத்தை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தபடி அம்மா. இந்தக் கடையை ஏற்கெனவே தாண்டிவிட்டோம் என்கிறேன். "எல்லாக் கடையிலயும் அண்டா இருக்கும்ட்டி" என்கிறாள். எல்லா அண்டாவும் ஒரே இடத்தில் நசுங்கியிருக்குமா என்று கேட்கலாம். கேட்டால் நின்று, தடவிப் பார்த்து, நசுங்கினதுக்குக் குறைத்துத் தருவீர்களா என்று கடைக்காரரிடம் ஆரம்பித்துவிடுவாள். கேட்கவில்லை. காலையிலிருந்து நான் கேட்காமல் விட்ட கேள்விகள் வயிற்றுக்குள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. நானா இது? எம்.ஏ. வரலாறு வகுப்பில் பாதிப் பாடத்தில் எழுந்து "சார், அதுக்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டுக் கேட்டு, பேராசிரியரே உள்ளே நுழையும்போது "செண்பகவல்லி, இன்னிக்கு ஆதாரத்தோட வந்திருக்கேன்மா, உட்காரு" என்று சொல்லிக்கொண்டு வரும்படி செய்தவள். அப்படிப்பட்டவள் பெற்ற தாயிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கத் திராணியில்லாமல் மாசி வீதியைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். கேள்வி சின்னதுதான். என்னைப் பெண் பார்க்க வருகிறார்களா? ஆமாம் என்று அவள் சொல்லிவிட்டால் அது நடந்து முடிந்த மாதிரி ஆகிவிடும். கேட்காதவரை அது என் ஊகம். ஊகத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடக்கலாம். நடந்துகொண்டுதான் இருக்கிறேன்.

மதுரையில் யாரும் வழி தவற முடியாது. அம்மா கையில் இருக்கிற புத்தகமே அப்படித்தான் சொல்கிறது. நடுவில் கோயில், கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதைச் சுற்றி மாசி வீதி, எல்லாவற்றையும் வளைத்து வெளி வீதி, பெட்டிக்குள் பெட்டி வைத்த மாதிரி. உள்பக்கமாகப் போகிற தெரு எதில் திரும்பினாலும் கடைசியில் கோபுரத்தில் போய்த்தான் நிற்க வேண்டும். கோபுரம் இதோ தெரிகிறது, மருந்துக் கடை போர்டுக்கும் ஜவுளிக் கடை போர்டுக்கும் நடுவில், பச்சையும் நீலமுமாக, மேலே புறாக்கள். கோபுரத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வழி தவறுகிற ஜீவன் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது என் அம்மா சுப்புத்தாய். உள்ளே திரும்ப வேண்டிய தெரு வந்ததும் நிற்கிறாள், வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்புகிறாள், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்கிறாள், "இதுல இல்ல, அடுத்ததுலன்னு போட்டிருக்கு" என்கிறாள். அடுத்தது வந்தால் அதற்கும் அடுத்தது. "எம்மா, கோபுரம் அங்க இருக்கு" என்று கையை நீட்டினால், நீட்டின கையைத் தட்டிவிட்டு, "கோபுரத்துக்கு நேரா விரல நீட்டாத" என்கிறாள். சித்திரைத் தேர் சுற்றுகிற வீதி இது. தேரை இழுக்க ஊரே கூடி வடம் பிடிக்கிறது. என்னை இழுத்துக்கொண்டு போக ஒரு பழைய வழிகாட்டிப் புத்தகம் போதுமாக இருக்கிறது.

அந்தப் புத்தகத்தைப் பற்றி எனக்கு நிறைய ஆட்சேபம் உண்டு. எங்கள் வீட்டு அலமாரியில் பஞ்சாங்கத்துக்கு அடியில் நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே கிடக்கிறது, மதுரைக்கு வருவோர் கையேடு, அட்டை பழுத்து முனை மடங்கி. கோவில்பட்டியில் ரயில் ஏறினதிலிருந்து திருமங்கலம் தாண்டும்வரை நான் அதனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். பக்கத்துக்குப் பக்கம் 'கண்டு களிக்கத்தக்கது'. ஏன் களிக்க வேண்டும், எனக்குக் கோபம் வந்தால் என்ன? மன்னர்களின் வரலாறு, மண்டபங்களின் வரலாறு, தூண்களின் வரலாறு என்று போய்க்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் 'தாய்மார்களுக்கு' என்று தனியாக ஒரு பக்கம், அதில் வளையல் கடை, பூக்கடை, சுங்குடிச் சேலை. அதாவது ஆம்பளை வந்தால் அவனுக்கு வரலாறு, பொம்பளை வந்தால் அவளுக்கு வளையல். வரைபடத்தில் போட்டிருக்கிற பஸ் ஸ்டாண்டு இப்போது அந்த மாதிரியே இல்லை. "இத எழுதின ஆளு ஊரைச் சுத்திப் பார்த்தானா இல்ல சொந்தக்காரங்க வீட்டுல உக்காந்து எழுதினானா?" என்று நான் கத்த, எதிர் சீட்டுக்காரர் தினசரியை மடித்து வைத்துவிட்டு என்னையே பார்க்க ஆரம்பித்தார். அம்மா மட்டும் நிதானமாக, "நீ எழுதும்போது சரியா எழுது" என்றாள். நீ எழுதும்போது. அந்தச் சொல் ஒரு நிமிஷம் எனக்குத் தித்தித்தது. அப்புறம் அவள் என் தலையில் பூ வைத்துவிட்டாள். ரயிலுக்குள்ளேயே, பையிலிருந்து வாழை இலைப் பொட்டலத்தை எடுத்து, நான் வேண்டாம் என்று தலையை ஆட்ட ஆட்ட, ஆடுகிற தலையில் சரியாகக் கொண்டையூசியைக் குத்தினாள். தித்திப்பு போய்விட்டது. சும்மா கோயிலுக்குப் போகிறவளுக்கு எதற்கு இவ்வளவு மல்லிகைப் பூ? எதற்குச் சேலை? சுடிதார் போட்டுக்கொண்டால் அம்மன் கதவைச் சாத்திக்கொள்ளுமா? "உன் போனையும் குடு, கோயிலுக்குள்ள விடமாட்டாங்க" என்று ரயில் நிலையத்திலேயே வாங்கி அணைத்து, தன்னுடையதையும் அணைத்து, இரண்டையும் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாளே, அப்போதே எனக்குத் தெரியும். கைதிகளிடம்தான் முதலில் பொருள்களை வாங்கிக்கொள்வார்கள்.

நேற்று ராத்திரி நான் கேட்டது ஊகம் இல்லை, அதற்கு என் காதே ஆதாரம். குழம்பு தாளிக்கிற சத்தத்துக்குள் அம்மா போனில் சொல்கிறாள், "சரி மதினி. சரி மதினி. பன்னெண்டுக்குள்ள கோயிலுக்குக் கூட்டிட்டு வந்துருதேன் மதினி." மதினி என்றால் அப்பாவின் அக்கா, வேலம்மாள் அத்தை, மதுரையில் இருக்கிறாள், அப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவள். தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிற அப்பா உலகத்தில் முதலாளிக்குக்கூடப் பயப்பட மாட்டார், அக்கா ஒரு சொல் சொன்னால் மறு சொல் கிடையாது. அத்தையின் குரல் போனுக்கு வெளியேயும் கேட்கும், அவ்வளவு பெரிய குரல்: "பையன் பெங்களூர்லருந்து லீவு போட்டு வந்திருக்கான். பன்னெண்டுக்கு மேல ராகு காலம். மறுநா விடிஞ்சா ஆடி பொறந்துரும், அப்புறம் யாரும் பொண்ணு பார்க்கக் கிளம்ப மாட்டாங்க. பிடிச்சுப்போச்சுன்னா அங்கனயே பூ வச்சிருவாங்க, தெரிஞ்சுக்க." பூ வைத்துவிட்டால் முடிந்தது. பூ வைத்த பெண்ணை யாரும் ஆராய்ச்சி செய்ய ஐதராபாத்துக்கு அனுப்ப மாட்டார்கள். எனக்கு ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, நேர்முகத் தேர்வில் ஐந்து பேர் எதிரே உட்கார்ந்து கேட்டார்கள், ஐந்து பேரோடும் வாதாடி வாங்கின இடம். ஆடி மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அப்பா இன்னும் "பார்ப்போம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் பார்ப்போமுக்குள் அத்தை ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். இன்று மட்டும் தாண்டிவிட்டால் ஒரு மாதம் ஆடி என் பக்கம். ராகு காலத்தை எதிர்த்துக் கல்லூரி மலரில் கட்டுரை எழுதியவள் நான், 'நேரத்துக்கு நிறமில்லை' என்று தலைப்பு வைத்து. இன்றைக்கு அந்த ராகு காலம் வந்து என்னைக் காப்பாற்றாதா என்று தவித்துக்கொண்டு நடக்கிறேன். மணி என்ன என்று தெரியவில்லை. போன் அவள் பையில். கடைகளுக்குள் எட்டிப் பார்க்கிறேன், சாமி படம் இருக்கிறது, கேமரா இருக்கிறது, கடிகாரம் மாட்டியிருக்கிற கடையாக ஒன்றுகூட இல்லை.

ஓடிவிடலாம். எங்கே? இவளை இந்தத் தெருவில் தலைகீழ் வரைபடத்தோடு விட்டுவிட்டா? ஓட வேண்டாம், போய் நின்று நேருக்கு நேர் பேசலாம். பேச்சைத் தயார் செய்துதான் வைத்திருக்கிறேன், ராத்திரி முழுக்க அதுதான் வேலை. ஐயா, அம்மா, உங்கள் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிக்கவும், என்று ஆரம்பம். எதற்கு மன்னிப்பு, நானா வீணாக்கினேன்? அந்த வரி வேண்டாம். நான் பார்வைக்கு வைக்கப்பட்ட பொருள் அல்ல. இது மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது, கை தட்டிவிட்டுப் பூவை வைத்துவிடுவார்கள். எனக்குப் பயம் அவர்களைப் பார்த்து இல்லை. ஜெயப்ரதாவை நினைத்துத்தான். எங்கள் வகுப்பு ஜெயப்ரதா, பட்டிமன்றத்தில் அவள் எதிரணியில் உட்கார்ந்தால் நடுவருக்கே வியர்க்கும். அவளைப் பார்க்க வந்தபோது என்ன பேசினாய் என்று கேட்டேன். "பேச எல்லாம் யோசிச்சுத்தான் வச்சிருந்தேன்டி. போய் நின்னதும் தலை தானா குனிஞ்சிருச்சு. நான் குனியல, அதுவா குனிஞ்சுது" என்றாள். இப்போது திருப்பூரில் இருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள், கட்டினவரும் நல்ல மனிதர்தானாம், அதற்கு நான் என்ன ஆட்சேபம் சொல்ல முடியும்? ஆனால் அந்த 'தானா' என்கிற சொல் என் கழுத்துக்குப் பின்னால், பூவுக்குக் கீழே, எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டே இருக்கிறது. என் தலையும் தானாகக் குனிந்துவிட்டால்? இத்தனை வாதம் செய்த வாய் அந்த நேரத்தில் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டால்? மல்லிகை கனக்கிறது. கழுத்தை நிமிர்த்திப் பார்க்கிறேன். வேண்டுமென்றே கோபுரத்தைப் பார்க்கிறேன். நிமிர்கிறது, இப்போதைக்கு நிமிர்கிறது.

எதிரே ஒரு குடும்பம் நின்று எங்களையே பார்க்கிறது. பட்டுக்கரை வேட்டி கட்டின பெரியவர், கட்டைப்பை வைத்திருக்கும் அம்மாள், நடுவில் கட்டம் போட்ட சட்டையில் ஒருவன், புதுச் சவரம், தாடையில் பவுடர். இவன்தான். கோயிலில் காத்திருக்கப் பொறுக்காமல் தெருவுக்கே வந்துவிட்டார்கள். அவன் என்னை நோக்கி வருகிறான். ஐயா அம்மா உங்கள் நேரத்தை, இல்லை, அந்த வரி வேண்டாம் என்று முடிவு செய்தேனே. "சிஸ்டர்" என்கிறான், "கையில புக் வச்சிருக்கீங்க, இங்க புதுமண்டபத்துக்கு எப்படிப் போகணும்?" சிஸ்டர்! அந்தச் சொல்லுக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்து, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு, "கீழச் சித்திரை வீதி, கோபுரத்துக்கு எதுத்தாப்புல. இங்கன உள்ள திரும்பி நேரா போனா ஆவணி மூல வீதி, அதையும் தாண்டுனா சித்திரை வீதி, அங்கனருந்து கிழக்க திரும்பிக்கோங்க தம்பி" என்று தடங்கல் இல்லாமல் சொன்னாள். அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் அவளைப் பார்த்தேன். அவனுக்கு இவ்வளவு சரியாக வழி சொல்லத் தெரிந்தவள்தான் எனக்கு இரண்டு மணி நேரமாக அடுத்தது அடுத்தது என்று காட்டுகிறாள். "அப்ப நாமளும் இங்கயே உள்ள திரும்பலாம்லா?" என்றேன். "தாகமா இருக்கு, பருத்திப்பால் குடிப்போம்" என்றாள். நின்று குடித்தோம். அவள் குடித்தாள் என்று சொல்ல வேண்டும், ஒவ்வொரு வாயாக, ஊதி ஊதி, ஆறின பிறகும் ஊதி. நான் என் டம்ளரை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். பதட்டம், அவளுக்கும் பதட்டம்தான் என்று நினைத்துக்கொண்டேன், பெண்ணைக் கொண்டுபோய் நிறுத்துகிற பதட்டம், நேரத்தைக் கடத்தி மனதைத் தேற்றிக்கொள்கிறாள். அவள்மேல் ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது, அடுத்த நிமிஷம் அந்தப் பாவத்தின்மேலேயே கோபம் வந்தது. இப்படிப் பாவம் பார்த்துப் பார்த்துத்தானே தலை தானாகக் குனிகிறது.

விளக்குத்தூண் வந்தது. இதுதான் கடைசி, இங்கே உள்ளே திரும்பாவிட்டால் மறுபடி அண்டாக் கடைதான். அம்மா திரும்பினாள். உள்ளே இல்லை, வெளியே, கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. துணிக்கடைகள் நெருக்கியடிக்கிற சந்து, ரவிக்கைத் துணியும் லுங்கியும் தலைக்கு மேல் தொங்குகின்றன, நடுவே எந்தக் கட்டடத்தையும் தாங்காமல் பழைய அரண்மனையின் பத்துத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன, 'கண்டு களிக்கத்தக்கது'. "எம்மா, கோயில் அந்தப் பக்கம்." "தெரியும்ட்டி." தெரியுமா? இவ்வளவு நேரம் இல்லாத நிதானம் அவள் நடையில் வந்திருந்தது. புத்தகத்தை மூடி அக்குளில் வைத்துக்கொண்டாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இடத்தை மாற்றிவிட்டார்கள். கோயிலில் கூட்டம், அதனால் மஹாலில் வைத்துப் பார்க்கிறார்கள். தூண்களுக்கு நடுவே நிழலாக இருக்கும், உட்காரப் படி இருக்கும், பெண்ணை நடக்கவிட்டுப் பார்க்க இடம் இருக்கும். நாயக்கர் மஹாலின் பெரிய சுவர் தெரு முனையில் வந்து நின்றது. கேள்வியை இப்போது கேட்டுவிடு செண்பா, இப்போது கேட்காவிட்டால் அப்புறம் கேட்க ஒன்றும் இருக்காது. "எம்மா" என்றேன். அதற்குமேல் வரவில்லை. ஐந்து பேராசிரியர்களிடம் வந்தது இங்கே வரவில்லை. அவள் டிக்கெட் வாங்கப் போய்விட்டாள்.

உள்ளே வெளிச்சம் வெள்ளையாக முற்றத்தில் கொட்டிக்கிடந்தது. தூண்கள், தூண்கள், ஒவ்வொன்றும் நாலு பேர் கைகோத்தாலும் எட்டாத பருமன், கைக்கெட்டுகிற உயரம்வரை காதலர்கள் பேர் கீறிவைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு வரிசை, வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று, படியில் உட்கார்ந்து தலை வாரிக்கொள்ளும் ஒரு பாட்டி. ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் பெங்களூர்க்காரன் நிற்கிறான். அந்த நீலச் சட்டையா, இல்லை, அவன் பிள்ளையைத் தோளில் வைத்திருக்கிறான். அங்கே போன் பேசுகிறவனா, இல்லை, அவன் தலை நரைத்திருக்கிறது. நான் நிமிர்ந்துதான் நிற்கிறேனா? கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். அம்மா எனக்கு முன்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தாள். கீழே பார்த்துக்கொண்டே போனாள், எதையோ தொலைத்தவள் மாதிரி. முற்றம் தாண்டி மண்டபத்துக்குள் ஒரு இடத்தில் நின்றாள். செருப்பை விட்டுக் காலை வெளியே எடுத்து, மூலை உடைந்த ஒரு தளக்கல்லைப் பெருவிரலால் தடவினாள். "இதுதான்" என்றாள். யாரிடமும் இல்லை, தனக்குத்தானே. அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காவலாளியிடம், "அண்ணாச்சி, மணி என்ன ஆகுது?" என்று கேட்டாள். அவர் கொட்டாவியை முடித்துவிட்டுக் கையைத் திருப்பிப் பார்த்தார். "பன்னெண்டு தாண்டிருச்சு தாயி." பன்னிரண்டு தாண்டிவிட்டது. அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். தன் போனை எடுத்து, பொத்தானை அமுக்கிப் பிடித்து, அது வெளிச்சம் வரும்வரை காத்திருந்து என் கையில் வைத்தாள். "உங்க அத்தை கூப்பிடுவா. வழி தப்பிட்டோம்னு சொல்லு."

சொல்லி முடிக்கவில்லை, போன் கையில் துள்ளியது. "எங்கடி போய்த் தொலைஞ்சீங்க?" அத்தையின் குரல் தூண்களில் பட்டுத் திரும்பியது, புறாக்கள் கிளம்பின. "உள்ள போனை விடமாட்டாங்கன்னு நான் அம்மன் சன்னதி வாசல்ல வெயில்ல நிக்கேன். பையன் வீட்டுக்காரங்க குளத்தங்கரையில உக்காந்து உக்காந்து எந்திரிச்சுப் போயிட்டாங்க. காலையிலருந்து ரெண்டு போனும் ஆஃப். எங்க இருக்கீங்க?" நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, வேறு யாருக்கோ வந்த போன் மாதிரி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாக, மேல் படியிலிருந்து தண்ணீர் கீழ்ப் படிக்கு வழிகிற மாதிரி, எனக்குப் புரிந்தது. அண்டா. தலைகீழ் வரைபடம். அடுத்தது, அடுத்தது, ஆறின பருத்திப்பால். "வழி தப்பிட்டோம் அத்தை" என்றேன். என் குரல் பழையபடி வந்துவிட்டது. "இந்தப் புக்கை நம்பி வந்தோம். ஒண்ணுகூடச் சரியில்ல அத்தை. பஸ் ஸ்டாண்டு தப்பு, தெரு தப்பு, திருப்பம் தப்பு. மாசி வீதியவே சுத்திச் சுத்தி வாரோம்." "கோபுரம் கண்ணுக்குத் தெரியலையாடி?" "தெரியுது அத்தை. கிட்ட வரமாட்டேங்குது." அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்க அம்மாவுக்கு ஒரு ஊருக்கு வரப் போகத் துப்பு கிடையாது, அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றாள் அத்தை. "ராகு காலம் பொறந்தாச்சு. நாளைக்கு ஆடி. இனி ஆவணிக்குத்தான். அவங்க அதுவரைக்கும் உனக்காகத் தவம் இருப்பாங்களாக்கும். வந்து ஒரு வாய் சோறாவது தின்னுட்டுப் போங்க, கருணைக்கிழங்கு மசிச்சு வச்சிருக்கேன்." வைத்துவிட்டாள். அத்தைமேல் எனக்கு இருந்த ஆத்திரமெல்லாம் அந்தக் கருணைக்கிழங்கில் வழுக்கிவிட்டது.

நான் கீழே உட்கார்ந்தேன், சேலையோடு, அந்த உடைந்த கல்லுக்குப் பக்கத்தில். உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது, இறக்கின பிறகுதான் தோள் வலி தெரிகிறது. "என்கிட்ட முன்னாலயே சொல்லிருக்கலாம்லா?" என்றேன். "உன்கிட்ட சொன்னா உன் மூஞ்சி சும்மா இருக்குமா? நீ நேரா போய் மதினிகிட்டயே சண்டை போட்டிருப்ப. சண்டை போட்டா உங்க அப்பாவுக்கு ரோசம் வந்துரும், அதுக்காகவே நடத்தி வைப்பாரு." ஆதாரம் கேட்க ஒன்றும் இல்லை, அத்தனையும் உண்மை. "அப்ப மாட்டேன்னு நீயாவது சொல்லிருக்கலாம்." அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மதினிய எதுத்து எனக்குப் பேச வராதுட்டி. வழி தப்ப வரும்." இதைச் சொல்லிவிட்டு அந்தக் கல்லைக் காட்டினாள். "என்னை இங்க வச்சுத்தான் பார்த்தாங்க. உங்க அப்பா, மதினி, இன்னும் யார் யாரோ. எனக்கு யாரையும் தெரியாது, தலை நிமிந்தாத்தானே. இந்தக் கல்லைத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன். மூலை உடைஞ்சிருந்துச்சு, ஒரு கட்டெறும்பு அதுக்குள்ள போயிட்டுப் போயிட்டு வந்துச்சு. திரும்பி வாரப்ப எல்லாரும் பேசிக்கிடுதாங்க, எம்மாடி எவ்வளவு ஒசரம், மேல எவ்வளவு வேலைப்பாடுன்னு. நானும் அங்கனதான் இருந்தேன், எனக்குத் தெரியல. அதான் பஸ் ஸ்டாண்டுல இந்தப் புக்கை எங்க அண்ணன்கிட்ட கேட்டு வாங்குனேன். படிச்சாவது தெரிஞ்சுக்கிடுவோம்னு." "அப்புறம் எத்தனையோ தடவ மதுரைக்கு வந்திருக்கியே?" "கல்யாண வீட்டுக்கு வந்தேன், ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மஹாலுக்கு யாரு கூட்டிட்டு வந்தா?" குறையாகச் சொல்லவில்லை, ரயில் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள். ரயிலில் நான் அந்தப் புத்தகத்தை என்னவெல்லாம் பேசினேன் என்று நினைத்துப் பார்த்தேன். பேசினது பேசினதுதான், தாய்மார்களுக்கு என்கிற பக்கத்தை நான் இப்போதும் மன்னிக்கவில்லை. "ஐதராபாத்துக்கு அப்பா?" என்றேன். "அவர்கிட்ட நான் பேசிக்கிடுதேன். அவரும் வழிக்கு வர நாளாகும், ஆடி முழுக்க இருக்குல்லா" என்றாள். அது முழு உறுதி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் காலையில் ஒரு மாதம் எனக்கு இல்லை, இப்போது இருக்கிறது. எங்களுடையது, என் அம்மா நடந்து நடந்து சம்பாதித்தது.

"சரி, எடுத்துப் படி" என்று புத்தகத்தை என் மடியில் போட்டாள், "மேல என்ன இருக்குன்னு போட்டிருக்கான்?" பிரித்தேன். அந்தப் பக்கம் மட்டும் மற்றப் பக்கங்களைவிடப் பழுப்பாக, விரல் பட்டு விரல் பட்டு மெழுகு மாதிரி வழவழத்திருந்தது. 'இம்மண்டபத்தின் விதானத்தை அண்ணாந்து நோக்குக' என்று வாசித்தேன், என் குரல் தூண்களுக்கு நடுவே போய் என்னைவிடப் பெரிய ஆளுடையது மாதிரி திரும்பி வந்தது, 'உத்திரங்களின்றி நிற்கும் இக்குவிமாடத்தின் விரிந்த அழகும் பூ வேலைப்பாடும் கண்டு களிக்கத்தக்கவை.' எனக்கு எந்த ஆட்சேபமும் எழவில்லை. அம்மா எழுந்து நின்றாள். ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள், இன்னொரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள், கழுத்தைப் பின்னால் சாய்த்தாள், இன்னும் சாய்த்தாள், கொண்டை முதுகில் இடித்தது, வாய் லேசாகத் திறந்துகொண்டது. நான் மேலே பார்க்கவில்லை, அவள் கழுத்தைப் பார்த்தேன். தாலிக்கயிறுக்கு மேலே வெயில் படாத ஒரு வெளுப்பான பட்டை இருந்தது, இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வரிசை அவளைச் சுற்றிக்கொண்டு போனது. அவள் நகரவில்லை. வெகு நேரம் கழித்து, தலையை இறக்காமலே, கோபமாகப் பேசினாள். "இவ்வளவு பெருசுன்னு போடவே இல்ல பாரு. படத்துல பெருவிரலளவுதான் போட்டிருக்கான். ஏமாத்துக்காரன். நம்மள மாதிரி ஆளு படிப்பாங்க, சரியா எழுதணும்னு ஒரு இது வேண்டாம்?" அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும், வகுப்பில் எழுந்து நிற்கிறபோது என் தொண்டையிலிருந்து வருவது அதுதான். புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் இன்னொரு தடவை விரலை ஓட்டினேன். காலையிலிருந்து முதல் தடவையாகப் புத்தகத்துக்காக வாதாட வேண்டியிருந்தது. "போட்டிருக்கும்மா" என்றேன், "'விரிந்த'ன்னு போட்டிருக்கான்." "எங்க, காட்டு" என்றாள் அம்மா, கழுத்தை இறக்காமலே.